ஜான் மார்ஷல்: சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

"நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் செல்லாது, உச்ச நீதிமன்றம் தீர்ப்பு" என்று தலைப்புச் செய்தி வந்தால் நாம் பெரிதாக ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது சாதாரண விஷயமே இல்லை. கோடிக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் விவாதித்து நிறைவேற்றி, குடியரசுத் தலைவரும் கையெழுத்துப் போட்ட ஒரு சட்டத்தை, யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத சில நீதிபதிகள் ஒரே தீர்ப்பில் ரத்து செய்துவிடுகிறார்கள். நம் பாடப்புத்தகங்களில் இதை நீதிப் புனராய்வு என்பார்கள்.

எல்லா நாடுகளிலும் இந்த வழக்கம் இருப்பதாக நினைக்க வேண்டாம். பிரிட்டனில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு நீதிமன்றம் பொருள் சொல்லலாமே தவிர அதைத் தூக்கி எறிய முடியாது. இலங்கையில் 1978 அரசியலமைப்பின்படி ஒரு சட்டமூலம் சட்டமாவதற்கு முன்பே உயர் நீதிமன்றத்துக்கு (அங்கே அதுதான் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம்) போய்க் கேள்வி கேட்க வேண்டும். சட்டமான பிறகு அது செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. இந்தியாவில் அப்படி இல்லை. அரசியலமைப்பின் 13-வது பிரிவே, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் அந்த முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாது என்று எழுதி வைத்துவிட்டது.

அமெரிக்க அரசியலமைப்பில் இப்படி ஒரு வரி கிடையாது. 1787-ல் எழுதப்பட்ட அந்த ஆவணத்தை எத்தனை முறை படித்தாலும், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) போட்ட சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று வெளிப்படையாக எங்கும் இருக்காது. அந்த அதிகாரத்தை 1803-ல் 'மார்பரி எதிர் மேடிசன்' என்ற வழக்கின் தீர்ப்பில் நிலைநாட்டியவர், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் மார்ஷல். வழக்கைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அந்த மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போர்க்களத்தில் கற்றது

1755 செப்டம்பர் 24 அன்று வர்ஜீனியாவின் எல்லைப்புறத்தில் ஜெர்மன்டவுன் என்ற சிற்றூரில் மார்ஷல் பிறந்தார். 15 பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தாமஸ் மார்ஷல் நில அளவையாளர், ஜார்ஜ் வாஷிங்டனோடு பழக்கம் உள்ளவர். பையன் வெளியே பள்ளிக்குப் போனது ஏறக்குறைய ஓராண்டுதான். மற்ற படிப்பெல்லாம் வீட்டிலேயே, அப்பாவிடமும் கொஞ்ச காலம் ஒரு பாதிரியாரிடமும்.

1775-ல் பிரிட்டனுக்கு எதிரான போர் தொடங்கியதும் அப்பாவும் மகனும் சேர்ந்தே படையில் சேர்ந்தார்கள். பிராண்டிவைன், மான்மத் போன்ற சண்டைகளில் மார்ஷல் இருந்தார். அவரை உருவாக்கியது சண்டைகளைவிட 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் கழித்த மாதங்கள்தான் என்று நினைக்கிறேன். செருப்பில்லாமல், சரியான சாப்பாடில்லாமல், நோயில் விழுந்து சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டில் உணவோ பணமோ இல்லாததல்ல காரணம். காங்கிரஸுக்கு வரி வசூலிக்கும் அதிகாரமே இல்லை. மாநிலங்களைக் கெஞ்சிக் கேட்க வேண்டும், அவை கொடுத்தால் உண்டு. வலுவில்லாத மத்திய அரசு என்றால் என்ன என்பதை 22 வயதில் கண்ணெதிரே பார்த்தவர் அவர். அமெரிக்கா முழுவதையும் தன் நாடாக எண்ணும் பழக்கம் படையில்தான் வந்தது என்று முதுமையில் ஒரு கடிதத்தில் எழுதினார். பின்னாளில் அவர் எழுதிய பெரிய தீர்ப்புகளில் எல்லாம் இந்த எண்ணம் தெரியும்.

சட்டப் படிப்பு? 1780-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வைத் நடத்திய வகுப்புகளில் சில வாரங்கள் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அந்தக் குறிப்பேட்டில் சட்டக் குறிப்புகளுக்கு நடுவே 'பாலி' என்ற பெயரும் இருக்கிறது. பாலி என்று அழைக்கப்பட்ட மேரி ஆம்ப்ளரை அவர் 1783-ல் மணந்தார். ரிச்மண்ட் நகரில் வழக்கறிஞர் தொழில் நன்றாக நடந்தது. வர்ஜீனியா சட்டமன்றத்திலும் இடம் கிடைத்தது.

1788-ல் புதிய அரசியலமைப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வர்ஜீனியா மாநாடு ரிச்மண்டில் கூடியது. பேட்ரிக் ஹென்றி போன்ற பெரிய பேச்சாளர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் 89-க்கு 79 என்ற வாக்குகளில்தான் ஏற்கப்பட்டது. நீதித்துறை பற்றிய விவாதத்தில் 32 வயது மார்ஷல் எழுந்து, காங்கிரஸ் தனக்குக் கொடுக்கப்படாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டு ஒரு சட்டம் போட்டால் நீதிபதிகள் அதைச் செல்லாது என்று அறிவிப்பார்கள் என்று பதில் சொன்னார். புகழ்பெற்ற அந்த வழக்குக்கு 15 ஆண்டுகள் முன்னால் பேசிய பேச்சு இது. ஆகவே அந்தத் தீர்ப்பில் அவர் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியில்லை. அதே ஆண்டில், புதிய அரசியலமைப்பை ஆதரித்த தலைவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனும் இதே வாதத்தை எழுதியிருந்தார். சில மாநில நீதிமன்றங்களும் அந்தத் திசையில் போயிருந்தன. கருத்து ஏற்கெனவே இருந்தது. ஆனால் அதுவரை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அதைத் தன் தீர்ப்பாகச் சொல்லி, காங்கிரஸ் சட்டம் ஒன்றின் மீது செயல்படுத்தியதும் இல்லை, நாடு அதை ஏற்றதும் இல்லை.

அதிபர் வாஷிங்டன் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்) பதவியைக் கொடுத்தபோது மார்ஷல் வேண்டாம் என்றுவிட்டார். 1797-ல் அடுத்த அதிபர் ஜான் ஆடம்ஸ் மூவர் குழுவில் ஒருவராகப் பாரிஸுக்கு அனுப்பினார். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தாலிரான் தன் ஆட்கள் வழியாக, பேச்சு தொடங்கவே லஞ்சமும் கடனும் கேட்டார். அமெரிக்கர்கள் மறுத்தார்கள். அந்த இடைத்தரகர்களை எக்ஸ், ஒய், இசட் என்ற எழுத்துகளால் குறிப்பிட்டு ஆவணங்கள் வெளியானபோது நாடே கொதித்தது. 1798-ல் திரும்பி வந்த மார்ஷலுக்கு ஃபிலடெல்ஃபியாவில் வீர வரவேற்பு. அப்புறம் வாஷிங்டனே வற்புறுத்தியதால் தேர்தலில் நின்று காங்கிரஸ் உறுப்பினரானார். 1800-ல் வெளியுறவு அமைச்சர்.

யாரும் விரும்பாத பதவி

1800 தேர்தலில் ஆடம்ஸும் அவருடைய ஃபெடரலிஸ்ட் கட்சியும் தோற்றன. தாமஸ் ஜெஃபர்சன் 1801 மார்ச் 4 அன்று அதிபராகப் பதவியேற்க வேண்டும். அதற்குள் தலைமை நீதிபதி ஆலிவர் எல்ஸ்வொர்த் உடல்நலக் குறைவால் விலகினார். ஆடம்ஸ் முதல் தலைமை நீதிபதியாக இருந்த ஜான் ஜேயையே திரும்ப நியமித்தார். காங்கிரஸின் மேலவையான செனட்டும் ஒப்புதல் கொடுத்தது. ஆனால் ஜே மறுத்துவிட்டார். அந்த நீதிமன்றத்துக்கு வலுவும் மதிப்பும் இல்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

அவர் சொன்னது உண்மைதான். நீதிபதிகள் மாதக்கணக்கில் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் புதுத் தலைநகரம் எழும்பியபோது அதிபருக்கு மாளிகை, காங்கிரஸுக்குக் கட்டடம் என்று திட்டமிட்டவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு இடமே ஒதுக்கவில்லை. காங்கிரஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு அறையைக் கொடுத்தார்கள்.

ஜே மறுத்த கடிதத்தை ஆடம்ஸிடம் கொண்டுபோனவர் மார்ஷல். இனி யாரை நியமிப்பது என்று யோசித்த ஆடம்ஸ், உங்களைத்தான் நியமிக்க வேண்டும் என்று அங்கேயே சொன்னதாக மார்ஷல் பின்னர் எழுதினார். 1801 பிப்ரவரி 4 அன்று 45 வயதில் தலைமை நீதிபதி ஆனார். ஆட்சி மாறும்வரை ஒரு மாதம் வெளியுறவு அமைச்சர் வேலையையும் சேர்த்தே பார்த்தார். இன்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஏற்பாடு இது. அந்த ஒரு மாதத்தில்தான் பெரிய வழக்குக்கு விதை விழுந்தது.

மார்பரியின் நியமனப் பத்திரம்

போகும் நேரத்தில் ஆடம்ஸ் தன் கட்சிக்காரர்களை நீதிபதிப் பதவிகளில் வேகவேகமாக நியமித்தார். வாஷிங்டன் வட்டாரத்துக்கு மட்டும் 42 அமைதி நீதிபதிகள். சிறு வழக்குகளைப் பார்க்கும் ஐந்தாண்டுப் பதவி அது. செனட் மார்ச் 3 அன்று ஒப்புதல் கொடுத்தது. ஆடம்ஸ் கையெழுத்துப் போட, வெளியுறவு அமைச்சர் என்ற முறையில் அரசு முத்திரையைப் பதித்தவர் மார்ஷல். சில பத்திரங்களை உரியவர்களிடம் சேர்க்க அவருடைய தம்பி ஜேம்ஸ் எடுத்துப்போனார், எல்லாவற்றையும் அவரால் கொண்டுபோக முடியவில்லை. மறுநாள் ஆட்சி மாறியபோது சில பத்திரங்கள் அலுவலகத்திலேயே கிடந்தன. அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று ஜெஃபர்சன் சொல்லிவிட்டார்.

நியமன ஆணை கையெழுத்தாகி, முத்திரையும் விழுந்து, கைக்கு மட்டும் வரவில்லை என்றால் வேலை கிடைத்ததாகக் கணக்கா இல்லையா? வில்லியம் மார்பரி என்பவரும் இன்னும் மூன்று பேரும் இந்தக் கேள்வியோடு உச்ச நீதிமன்றத்துக்கே நேராகப் போனார்கள். புதிய வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசன் பத்திரத்தைக் கொடுக்கும்படி மாண்டமஸ் ரிட் பிறப்பிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அரசு அதிகாரி செய்தே ஆக வேண்டிய கடமையைச் செய்யும்படி நீதிமன்றம் இடும் கட்டளைதான் மாண்டமஸ்.

ஜெஃபர்சன் ஆட்சி இதை வெறும் பத்திரப் பிரச்சினையாகப் பார்க்கவில்லை. தேர்தலில் தோற்றவர்கள் நீதிமன்றத்துக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள் என்ற கோபம் அவர்களிடம் இருந்தது. ஆடம்ஸ் உருவாக்கிய புதிய நீதிபதிப் பதவிகளை 1802-ல் காங்கிரஸ் ஒழித்தது. உச்ச நீதிமன்றத்தின் அமர்வுக் காலத்தையே மாற்றி, 1803 பிப்ரவரிவரை அது கூட முடியாதபடி செய்தது.

மார்ஷலின் நிலைமையை இப்போது பாருங்கள். மார்பரிக்குப் பத்திரத்தைக் கொடு என்று உத்தரவிட்டால் மேடிசன் மதிக்க மாட்டார். நீதிமன்றத்திடம் படையும் இல்லை, கஜானாவும் இல்லை. உத்தரவு குப்பைக்குப் போகும், நீதிமன்றத்தின் மதிப்பும் கூடவே போகும். உத்தரவிடாமல் விட்டால் அதிபருக்குப் பயந்துவிட்டார் என்று ஆகும். இரண்டு பக்கமும் தோல்வி.

1803 பிப்ரவரி 24 அன்று நான்கு நீதிபதிகள் ஒருமனதாக ஏற்ற தீர்ப்பை மார்ஷல் வாசித்தார். மார்பரிக்கு உரிமை உண்டா? உண்டு, கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததும் நியமனம் முடிந்துவிட்டது. உரிமை மீறப்பட்டால் சட்டத்தில் பரிகாரம் உண்டா? உண்டு, சட்டத்தின் ஆட்சி நடக்கும் நாட்டில் பரிகாரம் இல்லாத உரிமை இருக்க முடியாது, அமைச்சரும் சட்டத்துக்கு மேலானவர் அல்ல. இதுவரை கேட்டவர்கள் மார்பரி ஜெயித்துவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். அந்தப் பரிகாரத்தை இந்த நீதிமன்றம் கொடுக்க முடியுமா? முடியாது.

ஏன் முடியாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் மாண்டமஸ் பிறப்பிக்கலாம் என்று 1789-ம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தில் 13-வது பிரிவு சொன்னது. ஆனால் உச்ச நீதிமன்றம் நேரடியாக விசாரிக்கும் வழக்குகள் எவை என்று அரசியலமைப்பின் மூன்றாம் கூறு வரையறுத்திருக்கிறது. வெளிநாட்டுத் தூதர்கள் சம்பந்தப்பட்டவை, ஒரு மாநிலம் கட்சியாக உள்ளவை. மற்றவை மேல்முறையீட்டில்தான் வரலாம். மார்பரி தூதரும் இல்லை, மாநிலமும் இல்லை. அப்படியானால் அந்த 13-வது பிரிவு, அரசியலமைப்பு கொடுக்காத அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது.

சரி, சட்டம் ஒன்று சொல்கிறது, அரசியலமைப்பு வேறொன்று சொல்கிறது. நீதிபதி எதைப் பின்பற்றுவார்? மார்ஷலின் வாதம் எளிமையானது. அரசின் அதிகாரத்துக்கு எல்லை போடத்தான் மக்கள் அரசியலமைப்பை எழுதி வைத்தார்கள். சாதாரணச் சட்டத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம் என்றால் எழுதி வைத்ததற்குப் பொருளே இல்லை. எது சட்டம் என்று சொல்வது நீதித்துறையின் பணி, கடமை. இரண்டு சட்டங்கள் மோதினால் எது நிற்கும் என்று சொல்ல வேண்டியவர் நீதிபதி. அரசியலமைப்பே மேலானது, ஆகவே 13-வது பிரிவு செல்லாது.

மார்பரிக்குக் கடைசிவரை அந்தப் பதவி கிடைக்கவில்லை. ஜெஃபர்சனும் மேடிசனும் வழக்கில் ஜெயித்தார்கள், மீறுவதற்கு அவர்கள் கையில் எந்த உத்தரவும் இல்லை. நீதிமன்றம் சின்னதாக ஒரு அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்து, அந்தச் செயலாலேயே காங்கிரஸ் சட்டங்களைச் சோதிக்கும் மிகப் பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டது.

இந்தத் தீர்ப்பில் குறைகளும் உண்டு. முத்திரை பதித்தவரே நீதிபதியாக உட்கார்ந்தது இன்றைய அளவுகோலில் பெரிய தவறு. அவர் விலகியிருக்க வேண்டும். விசாரிக்க அதிகாரமே இல்லை என்றால் அதை முதலில் சொல்லி வழக்கை முடிப்பதுதான் முறை. அவர் அதைக் கடைசிக்குத் தள்ளியதால் ஜெஃபர்சன் ஆட்சியின் தவறை விரிவாகச் சொல்ல முடிந்தது. ஜெஃபர்சன் பல ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் குறைசொல்லிக்கொண்டே இருந்தார். 13-வது பிரிவை அரசியலமைப்போடு மோதாதபடி படிக்கவும் வழி இருந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் முதன்மையானவர் மார்ஷலுக்கு முன் தலைமை நீதிபதியாக இருந்த எல்ஸ்வொர்த்! இத்தனையும் தெரிந்த பிறகும், ஒரு பலவீனமான நிறுவனத்தை நேருக்கு நேர் மோதவிடாமல் காப்பாற்றிய அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். ஆறு நாள் கழித்து, புதிய நீதிபதிப் பதவிகளை ஒழித்த சட்டம் பற்றிய வழக்கில் நீதிமன்றம் காங்கிரஸ் பக்கமே நின்றது. எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆபத்து அதோடு தீரவில்லை. 1804-ல் சாமுவேல் சேஸ் என்ற உச்ச நீதிமன்ற நீதிபதி மீது பிரதிநிதிகள் சபை பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த குறி மார்ஷல்தான் என்று பலரும் நினைத்தார்கள். 1805-ல் செனட் சேஸை விடுவித்தது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியை நீக்கக் கூடாது என்ற மரபு அங்கிருந்து வலுப்பட்டது.

34 ஆண்டுகள்

அதற்கு முன் ஒவ்வொரு நீதிபதியும் தனித்தனியே தீர்ப்பு வாசிக்கும் வழக்கம் இருந்தது. மார்ஷல் அதை மாற்றி, நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று ஒரே குரலில் வரச் செய்தார். அமர்வுக் காலத்தில் நீதிபதிகள் எல்லோரும் ஒரே விடுதியில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, அங்கேயே வழக்குகளைப் பேசித் தீர்த்தார்கள். அவரைக் கட்டுப்படுத்தலாம் என்று ஜெஃபர்சனும், அவருக்குப் பின் அதிபரான மேடிசனும் நியமித்த நீதிபதிகள் பெரும்பான்மையான பிறகும் நீதிமன்றம் அவர் வழியிலேயே போனது. மேடிசன் நியமித்த ஜோசப் ஸ்டோரிதான் அவருடைய மிக நெருங்கிய துணை. 500-க்கும் மேற்பட்ட தீர்ப்புகளை மார்ஷலே எழுதினார்.

1819-ல் மேரிலாந்து மாநிலம் தேசிய வங்கிமேல் வரி போட்டபோது, வரி போடும் அதிகாரத்துக்குள் அழிக்கும் அதிகாரமும் இருக்கிறது என்று சொல்லித் தடுத்தார். 1824-ல் நியூயார்க் மாநிலம் நீராவிப் படகுகளுக்குக் கொடுத்திருந்த தனியுரிமையை உடைத்தார். வேலி ஃபோர்ஜில் பார்த்த அந்த வலுவில்லாத மத்திய அரசு மறுபடி வந்துவிடக் கூடாது என்ற எண்ணம் இந்தத் தீர்ப்புகளில் தெரிகிறது. கவனிக்க வேண்டியது, மாநிலச் சட்டங்கள் பலவற்றை அவர் நீதிமன்றம் ரத்து செய்தாலும், 34 ஆண்டுகளில் காங்கிரஸ் சட்டம் ஒன்றைச் செல்லாது என்றது மார்பரி வழக்கில் மட்டும்தான்.

செரோக்கி என்ற பழங்குடி மக்களின் வழக்கு மனதை வருத்துவது. அவர்கள் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று 1832-ல் மார்ஷல் தீர்ப்பளித்தார். ஜார்ஜியா மதிக்கவில்லை, அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் அதைச் செயல்படுத்த விரல்கூட அசைக்கவில்லை. 1838-ல் ராணுவம் அந்த மக்களை ஊரைவிட்டு விரட்டியது. அந்த வெளியேற்றத்தில் சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. 1803-ல் அவர் பயந்தது இங்கே நடந்தது. ஆனால் பழங்குடிகளுக்கு நிலத்தில் குடியிருக்கும் உரிமை மட்டுமே உண்டு, முழு உடைமை இல்லை என்று 1823-ல் எழுதியவரும் இதே மார்ஷல்தான்.

அவர் அடிமைகளை வாங்கி வைத்திருந்தவர். சிலரை மட்டும் வைத்திருந்தார் என்று பழைய வாழ்க்கை வரலாறுகள் சொல்லிவந்தன. வாழ்நாள் முழுக்க அதிகமான பேரை வாங்கினார் என்று அண்மைக் கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகாகோவில் அவர் பெயரைத் தாங்கியிருந்த சட்டக் கல்லூரி 2021-ல் அந்தப் பெயரை நீக்கியது. உரிமை மீறப்பட்டால் பரிகாரம் வேண்டும் என்று எழுதிய கைக்குத் தன் வீட்டில் இருந்தவர்களின் உரிமை தெரியவில்லை. இதைச் சேர்க்காமல் அவர் கதையைச் சொல்லக் கூடாது.

1835 ஜூலை 6 அன்று, பதவியில் இருக்கும்போதே, ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார்.

கடைசி வார்த்தை யாருடையது?

இந்தக் கேள்வி இயல்பாக வரும். மார்பரிக்குப் பிறகு காங்கிரஸ் சட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் மறுபடி ரத்து செய்தது 54 ஆண்டுகள் கழித்து, 1857-ல். டிரெட் ஸ்காட் வழக்கு. அடிமையாக இருந்த அவர் விடுதலை கேட்டு வந்தபோது, கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே ஆக முடியாது என்றும், சில பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுத்த சட்டம் செல்லாது என்றும் மார்ஷலுக்கு அடுத்து வந்த ரோஜர் டேனி தீர்ப்பெழுதினார். அதே கருவி, மிகக் கொடிய முடிவு. அதை மாற்ற ஒரு உள்நாட்டுப் போரும், அமெரிக்க மண்ணில் பிறந்த அனைவரும் குடிமக்கள் என்று சொன்ன 1868-ம் ஆண்டின் 14-வது திருத்தமும் தேவைப்பட்டன.

அதாவது நீதிமன்றம் அரசியலமைப்பின் பெயரில் ஒரு சட்டத்தைத் தள்ளினால், அரசியலமைப்பையே திருத்தும் வழி மக்கள் பிரதிநிதிகளுக்கு இருக்கிறது. அமெரிக்காவில் இது மிகக் கடினம். நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியாவில் இது முதன்முதலில் நடந்தது சென்னையிலிருந்து போன ஒரு வழக்கை ஒட்டித்தான். கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பிரித்த சென்னை மாகாண அரசின் ஆணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழகத்தில் பெரும் போராட்டம் எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) என்ற உட்பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்தது.